வேதமாணிக்கம் ஐயரின் பிடியரிசி

வேதமாணிக்கம் ஐயரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியில்லாத ஆள் தண்டையார்பேட்டையில் கிடையாது. அவரை இந்த ஊரைவிட்டு மாற்றச் சொல்லி மேலிடத்துக்குப் போன மனு என் கையால் எழுதியது. என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சபைக் கமிட்டி அந்த வேலையை என் தலையில் கட்டியது. நானும் பெருமையாகத்தான் எழுதினேன். ஐயர் போன வருஷம், 1958-ல், காலமானார். கோயில் மலருக்கு அவரைப் பற்றி அரைப் பக்கம் வேண்டுமாம். பிறப்பு, படிப்பு, ஊழியம், இறப்பு. உட்கார்ந்தேன், இவ்வளவு ஆகிவிட்டது. அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

ஐயர் என்றதும் பூணூலைத் தேட வேண்டாம். எங்கள் சபைகளில் குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியில், 1902-ல். பதினாறு வயதில் ரயில்வே பட்டறையில் பாய்லர் தட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் தட்டினார். இடது காது போனது அங்கேதான். அதற்கப்புறம் வேதசாஸ்திரம் படித்து, குருப்பட்டம் வாங்கி, ஓரிரண்டு ஊர் பார்த்துவிட்டு, 1944-ல் எங்களிடம் வந்தார். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஓடினவர்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். அவரும் ஒரு சைக்கிளும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்து இறங்கினார். மனைவி தவறிப்போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை.

எங்கள் கோயில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் மணல் சந்தில் இருக்கிறது. தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர். பின்சுவரை ஒட்டினாற்போல் பீப்பாய் கம்பெனி. பழைய எண்ணெய்ப் பீப்பாய்களைக் காஸ்டிக் சோடா கலந்த காரத் தண்ணீரில் கழுவி, நெளிசல் எடுத்து, வர்ணம் பூசித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். நான் அங்கே டைம் கீப்பர். நெளிசல் எடுப்பதென்றால் நாள் முழுக்கச் சுத்தியலால் அடிப்பது. அடிப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஐந்து வருஷத்தில் காது மந்தமாகிவிடும். சபையில் பாதிப் பேர் அவர்கள்தான்.

முன்பிருந்த குருமார்கள் இவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திப் பிரசங்கம் செய்துவிட்டு, மதியம் வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். வேதமாணிக்கம் ஐயர் கத்தவில்லை. மெதுவாக, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேசினார். அப்படிப் பேச வேண்டுமானால் பக்கத்தில் நிற்க வேண்டும். தொழிலாளிகள் உட்காருவது பின்னால், பாயில். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் முன்னால், பெஞ்சில். ஐயர் மூன்றாம் மாதமே பீடத்தைவிட்டு இறங்கி நடந்து வந்து, பாய்க்காரர்கள் முன்னால் நின்று பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார். முன்வரிசைக்காரர்களான நாங்கள் கழுத்தைத் திருப்பி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று. எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதோடு விடவில்லை. நோயாளிகளுக்கான ஜெபத்தில், இன்னாருக்கு இன்ன இடத்தில் வேலை செய்யும்போது விரல் போயிற்று என்று இடத்தின் பேரையும் சேர்த்துச் சொல்லுவார். கண்ணை மூடி ஜெபிக்கும்போதுகூட எங்கள் கம்பெனி பேர் காதில் விழும். நான் ஒரு கண்ணைத் திறந்து யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இனி பிடியரிசி. எங்கள் பெண்கள் உலைக்கு அரிசி களையும்போது முதலில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பையில் போடுவார்கள். அது ஆண்டவருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வடக்குத் தாழ்வாரத்தில் இருக்கும் பித்தளை அண்டாவில் அந்தப் பையைக் கவிழ்ப்பார்கள். பாதி அநாதை விடுதிக்கு, பாதி ஐயர் வீட்டுக்கு. அண்டாவண்டை மாதர் சங்கத்துப் பட்டம்மாள் நிற்பாள். யார் போட்டார்கள், யார் போடவில்லை, எவ்வளவு போட்டார்கள் என்று அண்டாவண்டை நிற்பவர் வாய் திறக்கக்கூடாது. அது பழைய கட்டுப்பாடு. பட்டம்மாள் மாதிரி ஊர் வம்பெல்லாம் பேசுகிற கிழவிகூட அதை மட்டும் மீறியதில்லை.

1951 ஜூனில் கழுவும் கொட்டகையில் சுயம்பு என்பவனுக்குக் கண்ணில் காரத் தண்ணீர் தெறித்தது. குழாய் இருந்தது கேட் பக்கத்தில். ஓடிப் போய்க் கழுவுவதற்குள் வலது கண் வெந்துவிட்டது. அவன் தோஸ்துகள் கிருஷ்ணப்பனும் பக்ருதீனும் கொட்டகைக்குள் ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டார்கள். மறுநாள் கண் போனவன், கேட்ட இருவர், மூன்று பேருக்கும் சீட்டுக் கிழிந்தது. மற்ற முப்பத்தொன்பது பேரும் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். கம்பெனி கேட்டைப் பூட்டியது. மூவரை விட்டுவிட்டு மற்றவர்கள் வரலாம் என்றது கம்பெனி. நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்துதான் வருவோம் என்றார்கள் இவர்கள். யாருக்கு முதலில் பசி தாங்காது என்பதுதான் கேள்வி. கம்பெனிக்குப் பசி கிடையாது.

அப்போது ரேஷன் காலம். அளந்து கொடுத்த அரிசியையும் கூலி இருந்தால்தான் வாங்க முடியும். ஆண்கள் எண்ணூர்க் கழிமுகத்துக்கு நடந்து போய் நண்டு பிடித்து வந்தார்கள். துறைமுகத்தில் ஒரு நாள் வேலை கிடைத்தால் நாலு நாள் கிடைக்காது. ஐயர் முதல் வாரமே தன் பங்குப் பிடியரிசி முழுவதையும் அந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கு என்று சொல்லிவிட்டார். விடுதிப் பாதியில் கை வைக்கவில்லை. சபைப் பிடி மட்டும் எந்த மூலைக்கு? சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போய், இந்து வீடு, முஸ்லிம் வீடு, மீனவர் குப்பம் எல்லா இடத்திலும், உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வையுங்கள் என்று கேட்டார். வண்ணாரப்பேட்டை தோல் வியாபாரி அப்துல் வஹாப் வாரம் ஒரு மூட்டை அனுப்பினார். எல்லாம் அதே அண்டாவுக்குள் விழுந்தது.

திங்கட்கிழமை காலையில் ஐயரே படியால் அளந்து கொடுப்பார். அது ஒரு விநோதமான அரிசி. சிவப்பு, வெள்ளை, புழுங்கல், பச்சை, குண்டு, நொய் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். உலையில் போட்டால் ஒன்று குழையும்போது இன்னொன்று பல்லைப் பதம் பார்க்கும். அதற்கு 'ஐயர் கதம்பம்' என்று பேர் வைத்தார்கள்.

இரண்டாம் வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என் சபை ஐயர்தான் பூட்டைத் திறக்கவிடாமல் பண்ணுகிறார் என்றார். தலைமைக் குமாஸ்தா இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு அது போதும். கமிட்டியில் இருந்த ஏழு பேரும் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள். கம்பெனி, துறைமுகம், ரயில்வே ஆபீஸ், பள்ளிக்கூடம். கூடினோம். ஆண்டவருக்கு எடுத்து வைக்கிற அரிசி வேலைநிறுத்தத்துக்குப் போகிறதே என்று ஆவேசமாகப் பேசினோம். சம்பள வீடுகள் எதுவும் இனிமேல் பிடி போடுவதில்லை என்று முடிவாயிற்று. அன்றைக்கே வீட்டுக்கு வந்து என் மனைவி ராகேலிடம், இனிப் பிடி எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மறுபேச்சுப் பேசாத பெண்டாட்டி வாய்த்ததில் எனக்கு எப்போதுமே ஒரு திருப்தி உண்டு.

நாங்கள் எதிர்பார்த்தது, அண்டா காலியாகும், ஐயர் எங்களிடம் வந்து நிற்பார் என்பது. நடந்தது வேறு. நான்காம் வாரம் அண்டா முன்னைவிட நிறைந்திருந்தது. ஐயர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில், எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பி, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் முகத்தைப் பார்த்து, சம்பள வீடுகள் கை நிறையப் போடுகிறீர்கள், உங்களைப் பற்றி நான் குறைவாக நினைத்திருந்தேன், மன்னியுங்கள் என்றார். நையாண்டி செய்கிறார் என்று எனக்குக் காது சிவந்தது. பிறகு முகத்தைப் பார்த்தேன். மனிதர் நிஜமாகவே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் மோசம்.

ஐந்தாம் வாரம் பட்டம்மாளுக்குக் காய்ச்சல். அண்டாவண்டை ஐயரே நின்றார். நான் சபைச் செயலர் என்ற முறையில் கோயில் கேட்டருகே நின்று, யார் வருகிறார்கள் என்று நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பையைக் கவிழ்த்தார்கள். நாலைந்து பேர் ஆனதும் ஐயர் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தார். அடுத்தவள் கவிழ்க்கும்போது கையை நீட்டி அரிசியை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். அதற்கடுத்தவளுடையதையும்.

ஒரு வீட்டுப் பானையில் ஒரே அரிசிதான் இருக்கும். ரேஷன் அரிசி என்றால் ரேஷன் அரிசி. பையில் இருந்தே சிவப்பும் வெள்ளையும் நொய்யுமாக விழுந்தால் அது ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்க முடியும். திங்கட்கிழமை அவர் அளந்து கொடுத்ததுதான், பிடி பிடியாக, ஞாயிற்றுக்கிழமை அவரிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது. பட்டினி கிடக்கிற நாற்பத்திரண்டு வீடும் போட்டுக்கொண்டிருந்தது. அண்டா நிறைந்த ரகசியம் அதுதான்.

அப்போது வந்தவள் பக்ருதீன் மனைவி ரசூல் பீவி. கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பையை அவிழ்த்தாள். ஐயர் அண்டாவின் வாயைக் கையால் மறைத்து, நீங்களெல்லாம் போட வேண்டாம், இது உங்களுக்குக் கொடுத்த அரிசி, குழந்தைக்குக் காய்ச்சிக் கொடு என்றார். ரசூல் பீவிக்குச் செவிட்டுப் புருஷனோடு பேசிப் பேசிக் குரல் உரத்துப் போயிருந்தது. கேட்டருகே நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"கைய எடுங்க ஐயரே. எம் புருசன் கேட்டாண்ட நிக்கிறாரு, கை நீட்டிகினு நிக்கல. சும்மா வாங்கினு போனா அதுக்குப் பேரு பிச்சை. ஒரு பிடி போட்டாதான் நாளைக்கு நான் வந்து ஒரு படி வாங்க முடியும். நானும் போட்டேன்னு வூட்ல சொல்லிதான் அடுப்பே பத்த வெக்கிறேன்."

ஐயர் கையை எடுத்துவிட்டார். அவள் போட்டாள். அதன்பின் வந்த அத்தனை பேருடையதையும் வாங்கிக்கொண்டார். எனக்கு ஏனோ அங்கே நிற்க முடியவில்லை. வரிசை முடியுமுன் வீட்டுக்குப் போய்விட்டேன். ராகேல் மாதர் சங்கக் கூட்டம் என்று அரைமணி கழித்து வந்தாள்.

அடுத்த ஞாயிறு ஐயர் பாய்க்காரர்கள் முன்னால் நின்று, வழக்கம்போல் மெதுவாகச் சொன்னார்.

"இரண்டு வாரத்துக்கு முன் இங்கே ஒரு பிழை செய்தேன். போடாதவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, போட்டவர்களை மறந்தேன். அண்டாவை நிரப்பியது வேலையில்லாத வீடுகள். சம்பள வீடுகள் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. ஒரே ஒரு வீடு தவிர. எந்த வீடு என்று நான் சொல்லக்கூடாது."

எங்கள் பெஞ்சில் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம். அன்று சாயங்காலமே துப்பறிய ஆரம்பித்துவிட்டேன். துறைமுக ஆபீஸ் லூயிஸ் மேல் எனக்குச் சந்தேகம். அவன் ஆரம்பத்திலிருந்தே வேண்டாவெறுப்பாகத்தான் கை தூக்கினான். வீட்டுக்கே போய்க் கேட்டேன். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். வாத்தியார் வீட்டில் கேட்டேன், ரயில்வேக்காரர் வீட்டில் கேட்டேன். பட்டம்மாளுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய் நலம் விசாரிப்பதுபோல் கேட்டுப் பார்த்தேன். பழத்தை வாங்கிக்கொண்டாள், பதில் சொல்லவில்லை. ஆறு வீட்டிலும் பெண்களையும் சேர்த்து விசாரித்தேன். ஒருவரை ஒருவர் நம்பாமல் போய், கமிட்டிக்காரர்கள் தெருவில் பார்த்தால் சிரிப்பதுகூட நின்றுவிட்டது.

அந்தக் கோபத்தில்தான் மனு எழுந்தது. சபைப் பொருளைப் புறமதத்தாருக்குக் கொடுக்கிறார், கம்யூனிஸ்டு, பீடத்துக்கு மரியாதை இல்லை என்று இரண்டு பக்கம். அந்த அரிசி அவருடைய சொந்தச் சாப்பாடு என்பதை எழுதாமல் விட்டேன். அந்த ஒன்பது வாரத்தில் ஐயர் நன்றாக இளைத்துப் போனார். அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றால் தோளிலிருந்து தொங்கும். நான் அதையும் பார்த்தேன்.

நாற்பத்திரண்டு பேரில் ஒருவன்கூட உள்ளே போகவில்லை. சடையங்குப்பத்திலிருந்து தினம் நடந்து வருகிற கிழவர் ஒருவர், மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்த வாரத்தில் தளர்ந்து கம்பெனி கேட்டு வரை வந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் பேரை எழுத நான் பேனாவோடு தயாராக நின்றேன். கேட்டைப் பார்த்தபடி ஒரு பீடி பிடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ஆகஸ்டு கடைசியில் பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்குப் பீப்பாய் தேவைப்பட்டது. லேபர் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்தாயிற்று. மூவரும் உட்பட அத்தனை பேரும் உள்ளே. கொட்டகைக்குள் இரண்டு குழாய். சுயம்புவைக் காவலாளி வேலைக்கு வைத்தார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தபோது தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். அதே வாரம் ஐயருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அரக்கோணத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர்.

கடைசி ஞாயிறு வழியனுப்பு. மாலை, வாழ்த்து மடல் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். வேலைக்குத் திரும்பிய வீட்டுப் பெண்கள் தாங்களாகவே ஒன்று செய்தார்கள். ஐயருக்கு வழியில் சோறு வேண்டாமா, போகிற ஊரில் முதல் மாதத்துக்கு அரிசி வேண்டாமா என்று, ஆளுக்கொரு பையோடு வடக்குத் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். பட்டம்மாள் என்னைப் பார்த்து, செயலர்தானே, நீயே அண்டாவண்டை நில் என்றாள். கிழவிக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நின்றேன்.

ரசூல் பீவி போட்டாள். கிருஷ்ணப்பன் மனைவி சொக்கம்மாள் போட்டாள். இப்போது ஒவ்வொரு பையிலும் ஒரே அரிசி, கதம்பம் தீர்ந்துபோயிருந்தது. பத்துப் பதினைந்து பேருக்குப் பின் தெரிந்த வளையல் கை ஒன்று நீண்டது. நிமிர்ந்தேன். ராகேல். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பையை அவிழ்த்துக் கவிழ்த்தாள். மெல்லிசாக, நீளமாக, கிச்சிலிச் சம்பா. அவள் அண்ணன் பொன்னேரியிலிருந்து ரேஷன்காரன் கண்ணில் மண்ணைத் தூவி எங்களுக்குக் கொண்டு வரும் அரிசி. இந்த வட்டாரத்தில் வேறு எந்த வீட்டுப் பானையிலும் அது கிடையாது. அவள் பையை உதறி மடித்துக்கொண்டு ஒதுங்கினாள். அடுத்தவள் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை, அண்டாவண்டை நிற்பவன் திறக்கக்கூடாதே.

மூட்டையைக் குதிரை வண்டியில் ஏற்றியபின் ஐயர் பக்கத்தில் போனேன். அவருடைய நல்ல காதுப் பக்கம் நின்று, அந்த ஒரு வீடு எது என்று உங்களுக்கு அன்றே தெரியுமா என்று கேட்டேன். அந்தக் கட்டுப்பாட்டைக் கடைசி நாளில் எனக்காக மீறுவாரா? மனு விஷயத்தை நானாகவே எடுக்கலாமா என்று தொண்டையைச் செருமினேன். அதற்குமுன் அவரே பேசினார்.

"ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏழு வருஷமா உங்க கையெழுத்தப் பாக்கிறேன் நவமணி. எங்கே பார்த்தாலும் தெரியும். நல்ல கையெழுத்து, விட்டுடாதீங்க."

குரலில் கசப்பில்லை. கேட்டவன் செத்துவிடலாம் போலிருந்தது. சைக்கிளை வண்டியின் பின்னால் கட்டிவிட்டு ஏறிப் போனார். போன ஊரிலும் ஏதோ செங்கல் சூளைக்காரர்களுக்காகப் பேசி, அங்கேயும் மனு போயிற்று என்று கேள்விப்பட்டேன். அது வேறு யாரோ எழுதியது. ஏழு வருஷம் அங்கேயே இருந்து, அங்கேயே அடக்கமானார். எனக்குத் தலைமைக் குமாஸ்தா நாற்காலி கிடைத்தது. பிரம்பு நாற்காலி, இன்றும் அதில்தான் உட்காருகிறேன். ஒரு தடவையாவது அரக்கோணம் போய் அவரைப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

வழியனுப்பிவிட்டு அன்று ராகேலும் நானும் மணல் சந்தில் நடந்து வந்தோம். பாதி தூரம் வந்ததும், எத்தனை வாரம் என்று கேட்டேன். ஒன்பது வாரமும் என்றாள். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊரு பூரா வூடு வூடா போய்க் கேட்டீங்க," என்றாள். "என்ன ஒருத்திய மட்டும் கேக்கவே இல்லயே."

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பைப் பற்றவைத்து உலையை ஏற்றினாள். அரிசிப் பானையைத் திறந்து, என் கண் முன்னாலேயே, முதல் பிடியை எடுத்துத் தனியாக வைத்தாள்.